காடு வரைய எந்த வண்ணம்? எண்ணெய், அக்ரிலிக், குவாஷ்: நம் அடுக்குமாடி வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

“காடு வரையணும்னு ரொம்ப நாள் ஆசை. எண்ணெய் வண்ணம் வாங்கட்டுமா, அக்ரிலிக் போதுமா?”

இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர் என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டார்கள். சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அக்கா ஒருவர் தாதியாக வேலை பார்க்கிறார். இரவு வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவருக்கென்று உள்ளது. ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு தம்பி. அவர் மகளுக்கு மூச்சிரைப்பு. மூன்றாமவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன். நேரமும் பொறுமையும் அவரிடம் தாராளம், ஆனால் மூவறை வீட்டில் படம் காயவைக்க இடம் கிடையாது. ஒரே கேள்விக்கு மூன்று பேருக்கும் மூன்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

காட்டுக்குள் நின்று பாருங்கள். இலைக்குப் பின்னால் இலை, அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டுக்குள் ஒரு கொடி, எங்கோ ஒரு பொத்தல் வழியாக வானம். இதை ஒரே பச்சையால் நிரப்பினால் சுவருக்குப் பச்சை அடித்த மாதிரி ஆகிவிடும். தேக்காவில் பட்டுப்புடவைக் கடைக்குப் போனால் மயில்கழுத்து நிறத்தை விரித்துக் காட்டுவார்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம். மடிப்பைத் திருப்பத் திருப்ப நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். காட்டுப் பச்சையையும் அப்படித்தான் நெய்ய வேண்டும். கீழே ஒரு நிறம் கிடக்க, மேலே இன்னொன்று அதை முழுதாக மூடாமல் உரசிக்கொண்டு போக வேண்டும். எந்த வண்ணம் வாங்குவது என்ற கேள்வியே, இந்த நெசவுக்கு எது கைகொடுக்கும் என்ற கேள்விதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் காத்திருப்பு. சங்கத் திணைகளில் காட்டுக்கு உரியது முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது மனத்தில் ஒட்டாத அந்தச் சொல், காடு வரையத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே எவ்வளவு காத்திருக்கிறோம் என்பதில்தான் படத்தின் ஆழம் இருக்கிறது. சிலர் கை ஈரத்தின் மேல் ஈரத்தை இழுத்துக் குழைக்க ஆசைப்படும். சிலர் கை காய்ந்த பரப்பின் மேல் வறண்ட தூரிகையை உரச ஆசைப்படும். உங்கள் கை எது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

அடுத்து, காய்ந்த பின் நிறம் அப்படியே நிற்குமா, மாறுமா. காட்டுப் படம் இயல்பாகவே இருட்டு மிகுந்தது. அதில் நிறம் இன்னும் ஒரு படி கறுத்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. தூரிகைத் தடம் நிற்குமா என்பதும் முக்கியம். மரப்பட்டையின் வெடிப்பைத் தூரிகையின் மயிர்க்கோடுகளே காட்டிவிடும், வண்ணம் அந்தக் கோடுகளைத் தாங்கினால்.

நாலாவது, வீடு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். ஐரோப்பியக் குளிரில் எழுதப்பட்ட ஓவியக் கையேடுகள் சொல்லும் காயும் நேரம் இங்கே அப்படியே பொருந்தாது. வாசனை, பிள்ளைகள், காயவைக்கும் இடம், பூஞ்சை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடைசியாகச் செலவு. பிராஸ் பசா வளாகத்துக் கடையில் முதல் நாள் கொடுக்கும் பணத்தைச் சொல்லவில்லை, ஆறு மாதம் கழித்து எவ்வளவு ஆகியிருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

## ஒரே இடம், மூன்று படம்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஓர் இடத்தை எண்ணெய், அக்ரிலிக், குவாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசும், அடி தெரியாத கெட்டி வண்ணம்) என்று மூன்று வண்ணத்திலும் வரைந்தேன். இடம், நம் பெரியவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் 6 ஹெக்டர் மழைக்காடு. பூங்கா 1859ல் தொடங்கியது. அந்தக் காடு அதற்கும் முந்தியது. பாதையோரம் ஒரு பெருமரம், அடியில் பலகை வேர், தோள் உயரத்தில் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்று. காலை ஒன்பது மணி வாக்கில் மேலே எங்கிருந்தோ ஒரு துண்டு வெயில் அந்தப் பெரணியின் ஒரே ஓர் இலையில் விழுந்தது. மற்றதெல்லாம் நிழல்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். பச்சைக்கு அடியில் செம்மண் நிறம் பூசினால் பச்சை உயிர்பெறும் என்பது ஓவியர்களுக்குப் பழைய பாடம். அது வெறும் உத்தி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் வெப்பமண்டலக் காட்டில் பல மரங்களின் தளிர் செம்பு நிறத்தில்தான் வருகிறது. மாந்தளிர் என்று நாம் ஒரு நிறத்துக்கே பெயர் வைத்திருக்கிறோமே, அதேதான். பச்சைக்குள் சிவப்பு காட்டிலேயே இருக்கிறது. அதனால் மூன்று படத்துக்கும் அடித்தளமாகப் பர்ன்ட் சியன்னா என்ற செம்மண் நிறத்தை மெல்லிதாகப் பூசினேன். அதன் மேல் இருட்டுத் திட்டுகள், பிறகு நடுத்தரப் பச்சைகள், பிறகு இலை இடுக்கில் தெரியும் வான்துண்டுகள், கடைசியாக அந்த ஓர் இலையின் வெளிச்சம். அங்கங்கே அடித்தளம் மூடப்படாமல் எட்டிப்பார்க்கும்படி விட்டேன்.

பச்சையைக் குழாயிலிருந்து நேராக எடுக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாலோ பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் வாளி நிறம் வரும். அதில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நிழல்பச்சை. கறுப்பில் மஞ்சள் சேர்த்தால் பாசிப்பச்சை. அல்ட்ராமரின் நீலத்தில் மஞ்சள் சேர்த்தால் மழை பெய்து ஓய்ந்த இலை. எந்த வண்ணம் வாங்கினாலும் இது பொருந்தும்.

## எண்ணெய் வண்ணம்

காட்டின் இருட்டுக்கு எண்ணெய் வண்ணத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதன் கறுமைக்குள் பார்வை இறங்கிப் போகும். சந்தேகம் இருந்தால் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ள ராடன் சாலேயின் காட்டுத்தீ ஓவியத்தைப் பாருங்கள். ஜாவாவைச் சேர்ந்த அவர் 1849ல் வரைந்தது. கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம். தீயால் விரட்டப்பட்ட விலங்குகள் பாறை விளிம்புக்கு ஓடிவந்து நிற்கும் காட்சி. எண்ணெய் வண்ணத்தில் இருட்டும் தழலும் எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று அது.

எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவது போலன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய அடுக்கு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் ஆகும். கத்தியால் அப்பிய கட்டிப் பூச்சு மாதக்கணக்கில் உள்ளே ஈரமாகவே இருக்கும். மழைமாதமான டிசம்பரில் இன்னும் இழுக்கும். இதனால் கிடைக்கும் நன்மை பெரியது: இன்று பூசிய பச்சையின் ஓரத்தை நாளை மாலைகூடக் குழைத்து நிழலுக்குள் கரைத்துவிடலாம். பெரணிக்குப் பின்னால் காடு மங்கலாகும் இடம் எனக்கு எண்ணெயில்தான் சரியாக வந்தது. காய்ந்த பின்னும் நிறம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

அடுக்கு போடுவதற்கு ஒரு விதி உண்டு: கீழே மெலிந்தது, மேலே கொழுத்தது. அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழே அசைய அசைய வெடிக்கும். அடித்தளத்துக்கு அம்பர் என்ற பழுப்பு மண்நிற வண்ணம் நல்லது. அதில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை குளிரூட்டி போட்டு மூடிய அறையில் நிற்கவிடாது. மூச்சிரைப்பு உள்ளவர் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வாசனை நீக்கிய கரைப்பானுக்கும் நல்ல காற்றோட்டம் தேவை. பயன்படுத்திய கரைப்பானைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மூடிய போத்தலில் வைத்தால் வண்ணம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எண்ணெய் துடைத்த துணி விஷயத்தில் கவனமாக இருங்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். துணியைச் சுருட்டி வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கலாம். நல்ல காற்றில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். சுருட்டிக் குப்பைக் குழாயில் மட்டும் எறியாதீர்கள்.

காயவைக்கும் இடமும் ஒரு செலவுதான். நான் ஒருமுறை இரண்டு படங்களை வீட்டின் பாம்ப் ஷெல்டருக்குள் (சன்னல் இல்லாத பாதுகாப்பு அறை) சாய்த்து வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது கான்வாஸின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. முன்பக்கமும் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் மாட்டிய பிறகு மஞ்சள் ஓரளவு தெளிந்தது. பூஞ்சைக் கறை போகவில்லை.

கனடாவின் எமிலி கார் (1871–1945) காடுகளை வரைந்தே வாழ்ந்தவர். 1930களில் அவர் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து, மலிவான மணிலாத் தாளில் வரைந்தார். கான்வாஸும் காத்திருப்பும் அவர் வேகத்துக்குத் தடையாக இருந்தன. பெட்ரோலை நாம் கிட்டேயும் கொண்டுபோகக் கூடாது. ஆனால் அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. எண்ணெயின் நிதானமே சில கைகளுக்குச் சிறை.

தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணம் என்று ஒரு வகை கிடைக்கிறது. எண்ணெயின் தன்மையை மாற்றி, தண்ணீரோடு கலக்கும்படி செய்திருப்பார்கள். கரைப்பான் வேண்டாம், தூரிகையைச் சோப்புப் போட்டே கழுவலாம். தண்ணீர் கூடினால் கொஞ்சம் பிசுபிசுக்கும். காயும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

## அக்ரிலிக்

இதில் காத்திருப்பு நாள்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்துவிடும். தண்ணீர் ஆவியானதும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். மெல்லிய பூச்சு இருபது நிமிடத்தில் காயும். காய்ந்தால் திரும்பக் கரையாது. ஒரே மாலையில் ஆறு, ஏழு அடுக்குகள் போடலாம். மேலே சொன்ன மயில்கழுத்து நெசவுக்கு, அதாவது காய்ந்ததன் மேல் வறண்ட தூரிகையை உரசுவதற்கு, அக்ரிலிக்கைப்போல வசதியானது வேறில்லை. பலகை வேரின் பட்டையை மூன்று படங்களில் இதில்தான் நன்றாகப் பிடித்தேன். அடியில் செம்மண், அதன் மேல் கறுநீலம், அதன் மேல் பன்றிமயிர்த் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டுச் சாம்பல்பச்சையில் ஒரே இழுப்பு. வெடிப்புகள் தாமாகவே தெரிந்தன.

குளிரூட்டி அறையில் மின்விசிறிக்குக் கீழே வரைந்தால் தூரிகையிலேயே காய்ந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்று இங்கே உதவிக்கு வருகிறது. குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்து வைத்தால் கூடுதலாகச் சில நிமிடம் கிடைக்கும். பேலட்டில் ஈரத்துணியும் அதன் மேல் எண்ணெய் ஒட்டாத சமையல்தாளும் விரித்து வண்ணத்தை அதில் எடுத்தால் மறுநாள்வரைகூட இருக்கும்.

குறை என்று பார்த்தால், காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் பிசின் பால் போல் வெண்மையாக இருந்து நிறத்தை வெளுத்துக் காட்டுகிறது. காய்ந்ததும் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடுகிறது. என் முதல் அக்ரிலிக் காட்டை இரவில் முடித்து மகிழ்ச்சியோடு படுத்தேன். காலையில் பார்த்தால் நிழல் முழுக்க ஒரே குழி. இப்போதெல்லாம் நிழல்பச்சையை ஒரு படி வெளிறக் கலந்து, தாளில் ஒரு கோடு போட்டு, முடி உலர்த்தியால் காயவைத்துப் பார்த்த பிறகே கான்வாஸில் வைக்கிறேன்.

வண்ணம் மலிவாகத் தெரியும். பிறகு வரும் பில் வேறு. தடம் நிற்கக் கெட்டி ஜெல், அடி தெரியும்படி கண்ணாடிபோல் பூச ஒரு திரவம், காய்வதைத் தாமதிக்க இன்னொன்று என்று போத்தல்கள் சேரும். பத்து நிமிடம் கழுவ மறந்த தூரிகை விறகாகிவிடும். படலமோ நம் வெப்பத்தில் முழுதாகக் கெட்டியாவதில்லை. காய்ந்த இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். குமிழித்தாளில் சுற்றினால் குமிழித் தடம் பதியும். தூசியும் பிடிக்கும், அதனால் கடைசியில் வார்னிஷ் அவசியம்.

## குவாஷ்

சின்னப் பெட்டி, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாள், ஒரு போத்தல் தண்ணீர். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கோ சுங்கை பூலோவுக்கோ பேருந்தில் கொண்டுபோக இதுதான் லாயக்கு. பிற்பகல் மழைக்கு முன்னால் அரை மணி நேரம் கிடைத்தால் ஒரு படம் முடிந்துவிடும். குரங்குகள் வந்தால் நிமிடத்தில் மூடிப் பையில் போட்டுவிடலாம்.

அடுக்கு என்று வரும்போது தடுமாறும். காய்ந்த பூச்சு தண்ணீர் பட்டதும் மறுபடி கரையும். மூன்றாவது அடுக்கில் கீழே இருக்கும் செம்மண் மேலே வந்து பச்சையைச் சேறாக்கும். இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொண்டால் அழகான வேலை. தூரிகையில் வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து, ஒரே தடவை வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். வெளிறிய நிறம் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். கறுத்த நிறம் கொஞ்சம் வெளுக்கும். அக்ரிலிக் குவாஷ் வாங்கினால் மறுபடி கரையும் தொல்லை இல்லை.

தாள் என்பதால் பிறகு கண்ணாடிச் சட்டம் வேண்டும். சட்டத்தின் விலை படத்தின் செலவைத் தாண்டிவிடும். பெட்டியை ஈரத்தோடு மூடிவைத்தால் வண்ணக் கட்டிகளிலேயே பூஞ்சை பூக்கும்.

## பக்கத்தில் பக்கமாக

| | எண்ணெய் | அக்ரிலிக் | குவாஷ் |
|---|---|---|---|
| அடுக்குகளுக்கு இடையே காத்திருப்பு | நாட்கள் | நிமிடங்கள் | நிமிடங்கள், ஆனால் மறுபடி கரையும் |
| காய்ந்தபின் நிறம் | ஏறக்குறைய அதே | ஒரு படி கறுக்கும் | இரு பக்கமும் மாறும் |
| ஓரங்களைக் கரைப்பது | மிக எளிது | கடினம் | நடுத்தரம் |
| வறண்ட தூரிகை உரசல் | காத்திருந்தால் அருமை | அருமை | ஓரிரு அடுக்கு வரை |
| வீட்டில் வாசனை | அதிகம். தண்ணீரில் கரையும் வகையில் குறைவு | குறைவு | இல்லை என்றே சொல்லலாம் |
| பிறகு வரும் செலவு | கரைப்பான், காயவைக்கும் இடம் | ஜெல், தூரிகை, வார்னிஷ் | கண்ணாடிச் சட்டம் |

## இரண்டையும் சேர்த்தால்?

நான் இப்போது பெரும்பாலும் செய்வது இதைத்தான். அடித்தளத்தையும் இருட்டுத் திட்டுகளையும் அக்ரிலிக்கில் ஒரே மாலையில் மெல்லிதாகப் போட்டு முடிப்பேன். சில நாள் நன்றாகக் காயவிட்டு, மேல் இரண்டு அடுக்கை மட்டும் எண்ணெயில் வைப்பேன். எண்ணெயின் ஆழம் கிடைக்கிறது. காத்திருப்பு வாரங்களிலிருந்து நாட்களாகக் குறைகிறது. கீழ் அக்ரிலிக் பளபளப்பாக இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் பிடிக்கும். தலைகீழாகச் செய்யவே கூடாது. எண்ணெய்ப் பரப்பின் மேல் அக்ரிலிக் பிடிக்காது, உரிந்து வரும். இதற்குத் தூரிகைகள் இரண்டு தொகுதி வேண்டும், வண்ணமும் இரண்டு தொகுதி. தொடக்கத்திலேயே இந்தச் செலவுக்குப் போக வேண்டாம்.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

தாதி அக்காவுக்கு அக்ரிலிக். இரண்டு மணி நேரத்தில் மூன்று அடுக்கு போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தூங்கப் போக முடிய வேண்டும். அவர் கையும் உரசும் கை. குழைக்கும் கை இல்லை. நிழலை வெளிறக் கலக்கும் பழக்கம் மட்டும் வர வேண்டியிருந்தது. நாலாவது படத்தில் வந்துவிட்டது.

ஜூரோங் தம்பிக்கு, மகள் கூடவே உட்கார்ந்து வரையட்டும் என்று, குவாஷ். சனிக்கிழமை காலைகளில் இருவரும் பூங்காக்களுக்குப் போகிறார்கள். பெரிய கான்வாஸ் ஆசை வந்தால் அப்போது தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணத்தைப் பார்க்கலாம். அதையும் சன்னல் திறந்த கூடத்தில்தான்.

அண்ணனுக்கு எண்ணெய் வண்ணமேதான். மங்கிக் கரையும் ஓரங்கள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதை அக்ரிலிக்கில் தேடிச் சலித்துப்போவார். இடம் இல்லாததற்குக் கான்வாஸ் அளவைக் குறைத்தோம். 30க்கு 40 சென்டிமீட்டர் பலகைகள், கூடத்துச் சுவரில் மெல்லிய சட்டத்தில் வரிசையாகச் சாய்த்தபடி, வெளிச்சம் படக் காய்கின்றன. மழை வந்து அடிக்கும் வெளிச்சுவரில் படம் மாட்ட வேண்டாம் என்று சொன்னேன். மாட்டியே ஆக வேண்டும் என்றால் சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்று போக இடைவெளி விடச் சொன்னேன். போன வாரம் போயிருந்தபோது, போத்தல் மூடியிலிருந்து எடுத்த கார்க்கை அவர் சீராக நறுக்கி வைத்திருந்தார். சட்டத்தில் இருந்த படம் இன்னும் தொட்டால் ஒட்டியது.